பட்டியலில் இல்லாத பிள்ளை

புயல் கிழக்குக் கடற்கரையில் ஏறியது என்று டிவியில் சொன்னார்கள். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் எத்தனையோ ஊர் இருக்கிறது, நமக்கு என்ன வரப்போகிறது என்றுதான் இருந்தோம். அன்று மத்தியானமே அது எங்கள் பக்கம் வந்து, மலையைத் தாண்ட முடியாமல் எல்லாத் தண்ணீரையும் கீழே கொட்டிவிட்டது. உத்தமபாளையம் சுற்றுவட்டாரத்தில் வாழை ஒன்று நிற்கவில்லை. திராட்சைப் பந்தல்கள் கல்தூணோடு சாய்ந்து கிடந்தன. நான் அந்தத் தோட்டங்களில் கொத்து வெட்டப் போகிறவள். இனி ஒரு வருசத்துக்கு வேலை இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குச்சாமியார் யாரையும் எழுந்து போகவிடவில்லை. சின்னமனூருக்கு அந்தப் பக்கம், மேகமலை அடிவாரத்தில் ஓடை உடைத்து ஒரு குடியிருப்பே போய்விட்டது, போய் மண் அள்ளி வீடு கட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். "நம்ம வேதக்காரங்க அங்க ஒருத்தர்கூட இல்ல. அதனாலதான் போகச் சொல்றேன்" என்றார். அன்பியத்துக்கு ஆறு பேர் என்று கணக்கு. அன்பியம் என்பது எங்கள் ஊரில் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து ஜெபம் செய்கிற கூட்டம். எங்கள் அன்பியத்துக்குத் தலைவி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அவர்தான் என் பேரை எழுதிக்கொண்டார். ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் சொல்லும்போது என் முறை வந்தால் நான் பக்கத்தில் இருப்பவரைக் கையால் தொட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று தள்ளிவிடுகிறவள். ஐந்தாவது வரை படித்தவள். மண் சட்டி தூக்கப் பேச்சு எதற்கு என்று ஒத்துக்கொண்டேன்.

போய் இறங்கிய இடத்தில் முப்பது வீடு இருந்திருக்கும். எல்லாம் மண் சுவர். தண்ணீரில் கரைந்து குவியல் குவியலாக உட்கார்ந்திருந்தன. ஆடுகள் கட்டிய கயிற்றோடு ஊதிக் கிடந்தன. சேறு காயக் காய நாற்றம் கூடியது. ஜனங்களை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது யாரும் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள்.

டீச்சர் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். ரேஷன் கார்டைப் பார்த்து வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு, எத்தனை ஆள், என்ன வயசு என்று எழுதினார். பாய், போர்வை, தட்டு எல்லாம் அந்தப் பட்டியல்படிதான். இடிபாட்டிலிருந்து எடுக்கிற துணிக்கும் ஒரு முறை வைத்திருந்தார். அலசிக் காயப்போட்டு, அந்த வீட்டுப் பட்டியலுக்குப் பொருந்துகிற துணியை அந்த வீட்டு மூட்டையில் கட்ட வேண்டும். பொருந்தாததைப் பொதுக் குவியலில் போட வேண்டும், தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். நல்ல முறைதான். அதனால் யாருக்கும் சண்டை வரவில்லை.

பதினோராம் நம்பர் வீட்டில் ஆள் இரண்டு. புருசன், பொண்டாட்டி. சுவர் விழுந்து அந்த ஆளுக்குக் கால் நசுங்கிப்போய், தேனி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெண்சாதி கூட இருந்தாள். ஆள் இல்லாத வீடு என்பதால் நானும் இன்னும் நாலு பெண்களும் அதை வழித்தோம். ஒரு உத்திரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிய ஓலைப்பெட்டி ஒன்று என் கைக்கு வந்தது. திறந்தால் உள்ளே சொட்டு ஈரமில்லை. மஞ்சள் பட்டுப்பாவாடை, அரக்குக் கரை. சட்டை. ஒரு டஜன் சின்னக் கண்ணாடி வளையல். ரிப்பன், சீப்பு. எதுவுமே போட்டுப் பழகாத புதுசு. எட்டு வயசுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

டீச்சரிடம் கொண்டு போனேன். அவர் நோட்டைப் புரட்டினார்.

"பதினொண்ணுல பொம்பளப் பிள்ளையே இல்லையே. வேற வீட்டுது, தண்ணி இழுத்துட்டு வந்திருக்கும். பொதுவுல போட்டுருங்க."

பெட்டி மூடியில் மஞ்சள் தடவிய தடம் இருந்தது. துணியில் சாம்பிராணி வாசம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்கு எதிர்வீட்டில் இதைப்போல ஒரு பெட்டி உத்திரத்தில் தொங்கும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்து, வருசம் ஒரு தடவை புதுத்துணி எடுத்துப் பெட்டியில் போட்டுக் கும்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும். மூடியைத் திறந்த உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். என் அம்மா கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் வாங்கியவள். அதை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறவர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். "சாமி பெட்டின்னு ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண் அப்பனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு, முட்டிவரை சேற்றோடு நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மாற்றிக்கட்ட ஒன்றும் இல்லை. நான்தான் கூப்பிட்டு அந்தப் பாவாடை சட்டையையும் வளையலையும் கொடுத்தேன்.

"எனக்கேயா?"

"ஆமா."

"திருப்பிக் கேக்க மாட்டீகள்ல?"

"கேக்க மாட்டேன்."

போட்டுக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். அங்கே போன பிறகு நான் பார்த்த ஒரே நல்ல காரியம் அது. அதனால் என் சந்தேகத்தையும் மறந்துபோனேன்.

நாலு நாள் கழித்து பதினோராம் நம்பர்ப் பெண் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள் என்று தேட வந்திருக்கிறாள். வந்தவள் நாங்கள் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தாள், உதறினாள். பிறகு வீடு இருந்த இடத்துக்குப் போய்க் கையாலேயே தோண்டினாள். திரும்பிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோதுதான் அந்தச் சின்னப் பெண் எதிரே வந்தாள்.

நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இதை எங்கன எடுத்த?" என்று அவள் கேட்டாள். சத்தமே இல்லை.

"எடுக்கல அத்தே. குடுத்தாக."

பிள்ளையின் அம்மா ஓடி வந்தாள். இவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு. "ஏன் மதினி பிள்ளைய மறிச்சுக்கிட்டு நிக்கிறீக? கோயில்காரக ஊருக்கே குடுத்தாக, இவளுக்கும் குடுத்தாக. இதுல என்ன..." என்று சொல்லிக்கொண்டே பாவாடையைப் பார்த்தாள். இத்தனை நாளும் வீட்டுக் கவலையில் அவள் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை போல. முகம் செத்துப்போனது. "ஆத்தாடி, இது அவளோடதா" என்றவள், அங்கேயே வாசலில் வைத்து மகள் இடுப்பிலிருந்து பாவாடையை உருவினாள். வளையலைக் கழற்றும்போது இரண்டு உடைந்து கையில் கீறியது. பிள்ளை வீறிட்டது. "திருப்பிக் கேக்க மாட்டேன்னாக, திருப்பிக் கேக்க மாட்டேன்னாக" என்று என்னைப் பார்த்துப் பார்த்து அழுதது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் வந்தார். "தெரியாமப் போச்சும்மா. மன்னிச்சுக்கங்க. லிஸ்ட்ல ரெண்டு பேருன்னுதான் இருந்துச்சு."

"மூணு பேரு டீச்சர்."

"கார்டுல ரெண்டு..."

"கார்டுல அடிச்சுட்டாக. வீட்டுல நாங்க அடிக்கலையே."

அவளுக்கு ஒரே மகள். எட்டு வயசில் காய்ச்சலில் போயிருக்கிறது. "யாரு எடுத்தது?" என்று கேட்டாள். டீச்சருக்கு நான் எடுத்தது தெரியும். என் பக்கம் திரும்பாமல், "எல்லாரும் சேந்துதான் வேலை பாத்தோம்" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மாசம் போவதற்குள் அவள் புருசன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். காலில் வைத்த சீழ் மேலே ஏறிவிட்டது என்றார்கள். அவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

சாமியார் எங்கெங்கோ எழுதிக் கேட்டு சிமெண்ட், ஹாலோ பிளாக் கல், கூரைக்கு ஷீட் எல்லாம் வரவழைத்தார். எங்கள் ஊர்க் கொத்தனார்கள் முறை போட்டு வந்தார்கள். நாங்கள் கல் சுமந்தோம், கலவை சுமந்தோம், நீர் ஊற்றினோம். ஒரு அறை, ஒரு அடுப்படி என்று தை பிறப்பதற்குள் வீடுகள் எழும்பின. சாமியார் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாவி கொடுத்தார். வாங்கியவர்கள் காலில் விழப் போனார்கள், அவர் தடுத்தார். பதினோராம் நம்பர்ப் பெண் மட்டும் சாவியை வாங்க வரவில்லை. புது வீட்டுச் சுவரை ஒட்டியே ஒரு தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டி, அதற்குள் இருந்தாள்.

எங்கள் கொத்தனாருக்குக் கோபம். "எம் மகன் வீட்டுக்குக்கூட நான் இம்புட்டு ரசமட்டம் பாக்கல. இந்தம்மா என்னடான்னா வெளிய உக்காந்து வீட்டுக்குக் காவல் காக்குது" என்றார்.

"வாடகைக்கு விடப் போறாகளோ என்னமோ, போர்டு எழுதி மாட்டுங்கண்ணே" என்றது இன்னொரு பெண். சிரித்தார்கள். சாந்து சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்கு விவரம் சொன்னாள், குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில். "அவுக வீட்டுல எந்த நல்லது கெட்டதுக்கும் அந்தப் பிள்ளைதாம்மா முன்னால. அது உள்ள போகாம அவுக காலெடுத்து வைக்க மாட்டாக. ஒடுத்துன துணியை மறுபடி வைக்கவும் முடியாது. எடுத்தவக யாரோ அவுக கையால புதுசு வச்சு, தெரியாம எடுத்துட்டேன், வந்து உக்காரு தாயின்னு கூப்புடணுமாம். வேற யாரு கூப்புட்டாலும் வராதாம்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எத்தனையோ பேரு வேலை பாத்தோம்" என்றேன். டீச்சர் சொன்னதையே சொன்னேன்.

கடைசி நாள் பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்தார்கள். வண்டி ஏறும்போது டீச்சர், "எல்லாம் மூடநம்பிக்கை. பங்குனி வெயில் அடிச்சா தானா உள்ள போயிருவாங்க" என்று சொல்லி, சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தார். பங்குனி வந்தது. அவள் உள்ளே போகவில்லை என்று சேதியும் வந்தது. வெயில் தாங்காமல் ஒரு நாள் மயங்கி விழுந்தாளாம். கதவுக்கு ஒரு முழத்தில்.

ஈஸ்டர் முடிந்து நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சின்னமனூரில் இறங்கி ஒரு பாவாடை சட்டை எடுத்தேன். மஞ்சள் கிடைக்கவில்லை, பச்சைதான் இருந்தது. வளையல், ரிப்பன் வாங்கினேன்.

அவள் தார்ப்பாய்க்குள் மூன்று கல் கூட்டி டீத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா, இம்புட்டு வெயில்ல" என்று எனக்கும் ஒரு டம்ளர் எடுத்தாள். உட்கார்ந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே, "நான்தான் எடுத்தேன்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். எரிகிற சுள்ளியை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தாள். பிறகு கேட்டாள்:

"தெரியாமத்தான எடுத்தீக?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. தலையாட்டுனா அதுக்குக் கேக்காது."

உண்மையைச் சொன்னால் அவளுக்கு வீடு இல்லை. "தெரியாமத்தான் எடுத்தேன் தாயி" என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பக்கத்து வீட்டிலிருந்து சாவியை வாங்கி வந்து கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டாள், அவள் வாசலிலேயே நின்றாள். பொதுக் குவியலிலிருந்து அவள் எடுத்து வைத்திருந்த அந்த ஓலைப்பெட்டியில் துணியை வைத்தேன், ஆணியில் மாட்டினேன். "வந்து உக்காரு தாயி" என்றேன். கழுத்தில் ஜெபமாலையோடு நின்று அப்படிச் சொன்னேன். பெட்டி மேல் ஒரு செவ்வந்தி வைக்கச் சொன்னாள், பூ விழுந்தால் பிள்ளை வந்துவிட்டது என்று அர்த்தமாம். வைத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பூ கீழே விழுந்தது. கதவு திறந்திருந்தது, காற்று வந்தது, அதில்தான் விழுந்தது என்று நான் நினைத்தேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து, தார்ப்பாய்க்குள்ளிருந்து சட்டிபானைகளை எடுத்து வந்து உள்ளே வைத்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் வேறு சாமிக்குத் துணி வைத்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பொய் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால், போய்ச் சரிப்படுத்து என்பார். அதை எப்படிச் சரிப்படுத்துவது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாசமும் அவள் போன் செய்வாள். "உங்க கைக்குத்தாம்மா அது வந்துச்சு, நீங்களே வைங்க" என்பாள். நானும் போவேன். எங்கள் வீட்டில் சின்னமனூருக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்பேன், சொந்தத்தில் ஒரு துக்கம் என்பேன். ஜவுளிக்கடைக்காரர் எனக்குப் பழக்கமாகிவிட்டார். ஒரு வருசம் அவர் துணியை விரித்துக்கொண்டே, "போன தடவையும் எட்டு வயசுன்னுதான சொன்னீக. பிள்ளைக்குச் சோறு கீறு போடுறீகளா இல்லையா, வளரவே மாட்டேங்குது" என்று கேலி செய்தார். பையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அந்த வீட்டில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். சமைத்தால் முதல் கரண்டி பெட்டிக்குக் கீழே வைப்பாள். வேலைக்குப் போகும்போது "போயிட்டு வாரேன் ஆத்தா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவாள். நான் போயிருக்கும்போது என்னையும் சொல்லச் சொல்வாள். சொல்வேன்.

போன வருசம் அவளுக்குக் கிட்னி கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு நாள் தேனிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். பிறகு அந்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வீங்கிய முகத்தோடு சிரித்தாள்.

"எனக்கப்புறம் அதுக்கு யாரும் இல்லம்மா. நீங்க கொண்டு போயிருங்க. உங்க வீட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு மூலையில கெடக்கட்டும். அது தொந்தரவு பண்ணாது."

மறுபடியும் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பெட்டியை வாங்கிப் பரணில் வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சாகப்போகிறவள் தன் பிள்ளையை என் கையில் கொடுக்கிறாள். அதைப் பொய் சொல்லி வாங்க என்னால் முடியவில்லை. அவளுக்காகச் சொன்னேனா, என் நெஞ்சு பாரத்தை இறக்கச் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"தாயி, அன்னைக்குப் பெட்டியைத் தொறந்ததுமே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. மஞ்சளைப் பாத்தேன். சாம்பிராணி வாசம் வந்துச்சு. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாமன்னு சொல்லித்தான கூப்புட்டீக?"

"ஆமா."

"அப்ப அது வந்திருக்காதேம்மா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இத்தனை வருசம் எங்கூட இருந்தது யாரு?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விசிட்டர் நேரம் முடிந்தது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஆரஞ்சுப் பையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் இறந்துவிட்டாள். காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கேட்டு நான் போனேன். என்ன ஆனாலும் அது என் பொறுப்பு என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரிதான் கதவைத் திறந்து காட்டினாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"போன் பண்ணிச் சொன்னாக, ஆஸ்பத்திரியில இருந்து. வெறும் பெட்டிதான் அது, ஆத்துல விட்டுருன்னு சொன்னாக. விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "ஏம்மா அப்படிச் சொன்னாக? அம்புட்டு உசுரா வச்சிருந்தாகளே" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். எடுத்ததிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்து, கதவைச் சாத்திப் பூட்டினாள். என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விடவில்லை.